போட்டியா, மேடையா: பெய்ஜிங்குக்குப் பிறகு ஹான்யூ முன்னால் இருந்த வழிகள்

2022 பிப்ரவரியில் பெய்ஜிங் ஒலிம்பிக் முடிந்ததிலிருந்து அந்த ஜூலை வரைக்கும் ஃபிகர் ஸ்கேட்டிங் ரசிகர்கள் கூடிய இடத்திலெல்லாம் ஒரே பேச்சு: ஜப்பானின் யுசுரு ஹான்யூ இனி என்ன செய்வார்? 2014 சோச்சி ஒலிம்பிக்கிலும் 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கிலும் அடுத்தடுத்துத் தங்கம் வாங்கியவர் பெய்ஜிங்கில் நான்காவதாக வந்தார். வயது 27. வலது கணுக்கால் பல வருடமாகவே தகராறு. போட்டியில் தொடர்வதா, கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்து திரும்புவதா, போட்டியை விட்டு ஐஸ் ஷோக்களுக்குப் போவதா, இல்லை படிப்பு, பயிற்சி கொடுப்பது என்று வேறு பக்கம் திரும்புவதா? ஜூலை 19 அன்று டோக்கியோவில் நிருபர்களைக் கூட்டி, போட்டியை விட்டு ஐஸ் ஷோ மேடைக்குப் போகிறேன் என்று அவரே பதிலைச் சொல்லிவிட்டார். ஆனாலும் "இன்னும் நாலு வருஷம் ஆடியிருக்கலாமே" என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வேறு எந்த சாம்பியன் விலகலாமா என்று யோசித்தாலும் "ஹான்யூ செய்ததைப் போலச் செய்யட்டும்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அதனால் அந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வீண் வேலையில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் எடுத்த முடிவு சரி. ஆனால் நடுவர்களின் பிடியிலிருந்து தப்பித்தார் என்று அதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம் பாதிதான் சரி. நடுவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது நாம் உட்கார்ந்திருக்கிறோம். அதில் அவருக்கு எவ்வளவு வரவு, எவ்வளவு செலவு என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

பெய்ஜிங் மதிப்பெண் தாளிலிருந்து தொடங்கலாம். விவாதம் முழுக்கக் கிளம்பியது அங்கிருந்துதான். போட்டியில் இரண்டு ஆட்டம்: முதலில் சின்னதான ஷார்ட் புரோகிராம், பிறகு நீளமான ஃப்ரீ ஸ்கேட்; இரண்டின் புள்ளியையும் கூட்டித்தான் இடம். ஷார்ட் புரோகிராமில் அவருடைய முதல் தாவல் குவாட் சால்கோ, அதாவது காற்றில் நான்கு சுற்று சுற்றும் சால்கோ வகைத் தாவல். எம்பும் நேரத்தில் ஸ்கேட், ஐஸில் ஏற்கெனவே விழுந்திருந்த ஒரு குழியில் மாட்டிக்கொண்டது. நான்கு சுற்று சுற்ற வேண்டியது ஒரே சுற்றோடு நின்றுபோனது. ஷார்ட் புரோகிராமில் அந்த இடத்தில் ஒற்றைச் சுற்றுக்கு மதிப்பே இல்லை, பூஜ்யம். மீதியை அவர் பிசகில்லாமல் ஆடி 95.15 வாங்கினார், எட்டாவது இடம். ஃப்ரீ ஸ்கேட்டையும் சேர்த்து மொத்தம் 283.21. வெண்கலம் வாங்கிய ஷோமா உனோவுக்கு 293.00. வித்தியாசம் 9.79. குவாட் சால்கோவின் அடிப்படை மதிப்பு மட்டுமே 9.70. ஹான்யூ அதைச் சுத்தமாக இறக்கினால் செய்நேர்த்திக்கு இன்னும் மூன்று புள்ளியாவது மேலே விழும். ஆக, ஒரு பதக்கம் அந்தக் குழிக்குள் போய்விட்டது.

ஃப்ரீ ஸ்கேட்டில் குவாட் ஆக்ஸல் என்ற தாவல். மற்ற தாவல்களில் பின்பக்கமாகச் சறுக்கிவந்து எம்புவார்கள். ஆக்ஸலை மட்டும் முகம் முன்னோக்கி இருக்கும்படி எம்ப வேண்டும். அதனால் அரைச் சுற்று கூடுதல், மொத்தம் நான்கரை. அதுவரை போட்டியில் அதை எவரும் சுத்தமாக இறக்கியதில்லை. முந்தைய நாள் பயிற்சியில் கணுக்கால் சுளுக்கி, வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டுக்கொண்டுதான் ஹான்யூ அன்று ஐஸில் இறங்கினார். சுற்று முழுசாக முடியாமல் விழுந்தார். சுற்று போதாததால் அடிப்படை மதிப்பு 10.00 ஆகக் குறைந்தது. செய்நேர்த்திக் கழிவு 5, விழுந்ததற்கு 1. கையில் நின்றது நாலே புள்ளி. அதே இடத்தில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்துகாட்டக்கூடிய டிரிபிள் ஆக்ஸலை (மூன்றரைச் சுற்று) போட்டிருந்தால் 11-ஐத் தாண்டியிருக்கும்.

இந்த இரண்டு தாவல்களில் எதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறோம் என்பதை வைத்தே ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். சால்கோவைப் பார்த்தவர்கள், அது துரதிர்ஷ்டம், திறமை குறையவில்லை, தொடரட்டும் என்றார்கள். நான் ஆக்ஸலைத்தான் பார்க்கிறேன். அது துரதிர்ஷ்டமில்லை. நஷ்டம் என்று தெரிந்தே செய்தது. பதக்கத்துக்காக ஆடுகிற யாரும் எட்டாம் இடத்திலிருந்து அப்படி ஒரு கணக்குப் போட மாட்டார்கள். புள்ளிக்கு ஆடுவதை அவர் பெய்ஜிங்கிலேயே விட்டுவிட்டார். ஜூலையில் அதை வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான்.

சரி, தொடர்ந்திருந்தால்?

தொடரச் சொன்னவர்களின் ஆசை புரியாததல்ல. ஆண்கள் ஒற்றையரில் அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக் தங்கம் என்பதே 1948, 1952-இல் அமெரிக்காவின் டிக் பட்டன் வாங்கியதற்கு 66 வருடம் கழித்து ஹான்யூவுக்குத்தான் அமைந்தது. மூன்று தங்கம் வாங்கியவர் ஸ்வீடனின் கில்லிஸ் கிராஃப்ஸ்ட்ரோம் ஒருவரே, அதுவும் 1920-களில். 2026 மிலான் ஒலிம்பிக்கில் இன்னொரு தங்கம் என்ற நினைப்பு யாருக்குத்தான் இனிக்காது. ஆனால் 2026 பிப்ரவரியில் அவருக்கு 31 வயதாகியிருக்கும். 2019 சைதாமா உலகப் போட்டியிலேயே, சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால், 300.97 வாங்கியும் அமெரிக்காவின் நேதன் சென்னின் 323.42-ஐ எட்ட முடியவில்லை. 2018-இல் விதிகள் மாறியபோது குவாட் ஆக்ஸலின் மதிப்பு 15.00-லிருந்து 12.50 ஆக இறங்கியது; நான்கு சுற்றுத் தாவலான குவாட் லுட்ஸைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். அவர் உடம்பைப் பணயம் வைத்துத் துரத்திய தாவலுக்கு விதிப்புத்தகம் போட்ட விலை அதுதான். கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஒரு புள்ளிக்காக நான்கு வருடம் கணுக்காலைக் கொடு என்று கேட்க எனக்கு மனசு வராது.

"உலகத்தின் முதல் குவாட் ஆக்ஸல் அவருடையதாக இருக்க வேண்டாமா?" என்ற கேள்வியும் உண்டு. அதற்குக் காலமே பதில் சொல்லிவிட்டது. ஹான்யூ விலகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் லேக் பிளாசிட்டில் 17 வயது அமெரிக்கர் இலியா மலினின் அதை இறக்கிக்காட்டினார். ஹான்யூ போட்டியிலேயே இருந்திருந்தாலும் அந்த சீசனுக்கு அவர் தயாராவதற்குள் கதை முடிந்திருக்கும்.

31 வயதில் ஒலிம்பிக் என்றால் என்ன என்பதற்கு ரஷ்யாவின் எவ்கெனி பிளஷென்கோ இருக்கிறார். சின்ன வயதில் ஹான்யூ தலைமுடியைக்கூட அவர் மாதிரிதான் வெட்டிக்கொள்வார், அவ்வளவு பக்தி. பிளஷென்கோ 2006 டூரினில் தங்கம் வாங்கி ஒதுங்கினார், திரும்பி வந்து 2010 வான்கூவரில் 1.31 புள்ளியில் அமெரிக்காவின் இவான் லைசாசெக்கிடம் தங்கத்தை விட்டார். குவாடே இல்லாமல் ஆடியவனுக்குத் தங்கமா என்று ரசிகர்கள் வருடக்கணக்கில் சண்டை போட்டார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். 2014 சோச்சிக்கும் வந்தார், 31 வயதில், முதுகில் ஆபரேஷன்களோடு. அணிப் போட்டியில் ரஷ்யாவுக்குத் தங்கம் கிடைத்தது. தனிநபர் ஷார்ட் புரோகிராமுக்கு வார்ம்-அப் செய்துகொண்டிருந்தபோது ஒரு தாவலில் முதுகு பிடித்துக்கொண்டது. நடுவரிடம் போய்ச் சொல்லிவிட்டு, முதுகைப் பிடித்தபடி ரசிகர்களுக்குக் கையசைத்துவிட்டுப் போய்விட்டார். அதே சோச்சியில்தான் 19 வயது ஹான்யூ ஷார்ட் புரோகிராமில் 101.45 வாங்கி, அதில் நூறைத் தாண்டிய முதல் ஆளானார். பிளஷென்கோ வெளியேறியதைத் தன் முறைக்குக் காத்திருந்தவராக அவர் பார்த்திருப்பார். அது அவர் முடிவில் எவ்வளவு கலந்தது என்று யாருக்குத் தெரியும். ஆனால் ரசிகர்களான நாம் மறந்திருக்கக் கூடாது.

ஒதுங்கித் திரும்புவதுதான் இரண்டாவது வழி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும்: ஒரு வருடம் ஓய்வெடு, காயம் ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம். கனடாவின் பாட்ரிக் சான் அதைத்தான் செய்தார். 2011 முதல் 2013 வரை மூன்று உலகப் பட்டம், சோச்சியில் வெள்ளி. ஒரு சீசன் விட்டுத் திரும்பியபோது விளையாட்டே வேறாகியிருந்தது. ஒரு குவாட் போதும் என்றிருந்த இடத்தில் நான்கு, ஐந்து என்று போட ஆரம்பித்திருந்தார்கள். பியோங்சாங்கில் அணித் தங்கம் கிடைத்தது, தனிநபரில் ஒன்பதாவது. இன்னும் பின்னால் போனால் அமெரிக்காவின் பிரையன் பொய்ட்டானோ. 1988 தங்கத்துக்குப் பிறகு தொழில்முறைக்குப் போனவர், தொழில்முறைக்காரர்களும் திரும்பலாம் என்று விதி தளர்ந்ததும் 1994 லில்லெஹாமருக்கு வந்தார், ஆறாம் இடம். அதே ஒலிம்பிக்குக்குத் திரும்பிய முன்னாள் பெண்கள் சாம்பியன் கத்தரினா விட் ஏழாவது.

திரும்பியவர்களில் எனக்குப் பிடித்தவர் ஜப்பானின் டைசுகே தகாஹாஷி. அவர் கதை சாம்பியன் கதை மாதிரியே இல்லை. 2010 ஒலிம்பிக் வெண்கலமும் உலகப் பட்டமும் வாங்கி, 2014-இல் விலகி, நான்கு வருடம் கழித்து 32 வயதில் திரும்பி ஜப்பான் தேசியப் போட்டியில் இரண்டாவதாக வந்தார். அத்தோடு விடவில்லை. ஒற்றையரிலிருந்து ஜோடியாக ஆடும் ஐஸ் டான்ஸுக்கு மாறி, கனா முரமோட்டோவுடன் சேர்ந்து 2022-இல் நான்கு கண்டங்கள் போட்டியில் (ஐரோப்பா தவிர மற்ற கண்டங்களுக்கானது) வெள்ளி வாங்கினார். முப்பத்தைந்து வயதுக்காரர் புதுசாக ஒன்றைப் படித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது அது. ஆனால் அவர் இழந்த பட்டத்தைத் தேடித் திரும்பவில்லை. தோற்றாலும் பரவாயில்லை என்றுதான் வந்தார். ஹான்யூவால் அப்படி முடியுமா? எனக்குச் சந்தேகம்தான். பியோங்சாங் முடிந்ததுமே விலக நினைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். மேலும் நான்கு வருடம் அவரை இழுத்துவந்தது அந்த ஆக்ஸல். 2020-இல் சியோலில் நான்கு கண்டங்கள் பட்டத்தையும் வாங்கி, ஜூனியரிலும் சீனியரிலும் உள்ள பெரிய பட்டங்கள் அத்தனையும் முடித்தாகிவிட்டது. இனி திரும்பி வந்து வாங்க அங்கே என்ன இருக்கிறது?

படிப்பு, பயிற்சியாளர் வேலை இரண்டையும் சீக்கிரமாகவே கடந்துவிடலாம், ஏனென்றால் ஹான்யூ விஷயத்தில் யாரும் அதைத் தீவிரமாகப் பேசவில்லை. டிக் பட்டன் ஹார்வர்டில் சட்டம் படித்தார், பிறகு தொலைக்காட்சி வர்ணனைக்குப் போய் அமெரிக்கர்களுக்கு இந்த விளையாட்டைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். நேதன் சென் பெய்ஜிங் தங்கத்தோடு யேல் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் புள்ளியியல் படிப்பை முடித்தார். ஹான்யூவும் வசேதா பல்கலைக்கழகத்தில் இணையவழியில் படித்துப் பட்டம் வாங்கியவர். ஸ்கேட்டரின் உடலசைவை மோஷன் கேப்ச்சரில் பதிவு செய்து ஆராய்வது பற்றித்தான் ஆய்வேடு எழுதினார். நல்ல பயிற்சியாளராவதற்கான மூளை அவருக்கு இருக்கிறது. கொரோனா காலத்தில், தான் வழக்கமாகப் பயிற்சி எடுக்கும் டொராண்டோவுக்குப் போக முடியாமல் சொந்த ஊரான சென்டாயில் தனியாகவே பயிற்சி செய்து தேசியப் போட்டியை வென்றவர். ஆனால் அவருடைய பயிற்சியாளர் பிரையன் ஓர்சர் அந்த வேலைக்கு வந்தது ஷோக்களில் ஆடி முடித்த பிறகு. அது இருபத்தேழு வயதில் எடுக்கும் முடிவில்லை.

மிச்சமிருப்பது மேடை. நிறையப் பேசவேண்டியது இங்கேதான், ஏனென்றால் 2022-இல் பலரும் இதை ஒரு தோல்வியாகத்தான் பார்த்தார்கள். ஷோவுக்குப் போகிறவர் என்றால் இரண்டு தாவல், ஒரு புன்னகை, விளக்கு அணைந்ததும் கைதட்டல் என்று நினைப்பு. அந்த நினைப்புக்குக் காரணம் இருக்கிறது. ஐஸ் ஷோக்களின் பொற்காலம் அமெரிக்காவில் 1990-களில். 1984 சாம்பியன் ஸ்காட் ஹாமில்டன் தொடங்கிவைத்த சுற்றுப்பயண ஷோ நிரம்பி வழிந்தது, 1994-இல் ஸ்கேட்டர் நான்சி கெரிகன் மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு தொலைக்காட்சிகள் தொழில்முறைப் போட்டிகளை வாரக்கணக்கில் ஒளிபரப்பின. பத்து வருடத்துக்குள் அந்த அலை அடங்கிவிட்டது. அதற்கும் முன்னால், 1976 சாம்பியன் ஜான் கரி ஸ்கேட்டிங்கைக் கலையாகவே நடத்தப்போகிறேன் என்று தனிக் குழு தொடங்கி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கம் வரை கொண்டுபோனார். பார்த்தவர்கள் மெய்மறந்தார்கள், காசுதான் நிற்கவில்லை. திறமை, கற்பனை, பேர் எல்லாம் இருந்தும் அவருக்கு இல்லாதது, எங்கே ஆடினாலும் டிக்கெட் வாங்கி வந்துவிடுகிற ஒரு கூட்டம்.

ஹான்யூவுக்கு அது இருந்தது. பியோங்சாங் தங்கத்துக்குப் பிறகு 2018 ஏப்ரலில் சென்டாயில் நடந்த ஊர்வலத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் திரண்டார்கள். கோபேயில் யுசுருஹா என்று ஒரு ஆலயம், அவர் பெயரை ஒட்டிய பெயர் என்பதற்காகவே ரசிகர்கள் அங்கே போய் வேண்டுதல் பலகை கட்டுகிறார்கள். அவர் ஆடி முடித்ததும் ஐஸ் மேல் 'வின்னி த பூ' கரடிப் பொம்மைகள் மழையாக விழுவதைப் பொறுக்க ஒரு படையே தேவைப்படும். இந்தக் கூட்டம் இருந்ததால்தான் நாலாவது வழி வழியாகவே ஆனது. வேறு யாருக்கும் அது அந்த அளவில் இருந்ததில்லை.

அதை வைத்து அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 2022 நவம்பரில் யோகோஹாமாவில் தொடங்கியது முதல் தனி ஷோ. துணைக்கு வேறு ஸ்கேட்டர் ஒருவரும் இல்லை, சுமார் ஒன்றரை மணி நேரம் அவர் மட்டுமே. போட்டியில் ஃப்ரீ ஸ்கேட் நான்கு நிமிடம், ஷார்ட் புரோகிராம் மூன்று நிமிடத்துக்கும் குறைவு, நடுவில் ஓர் இரவாவது ஓய்வு கிடைக்கும். இங்கே உடை மாற்றும் நேரத்துக்கு ஒரு காணொளி, அவ்வளவுதான் இடைவெளி. போட்டியில் அரங்கம் முழுக்க வெளிச்சம் இருக்கும். ஷோவில் இருட்டு, நடுநடுவே கண்ணில் அடிக்கிற விளக்கு, அதில் குவாட். "மேடைக்குப் போனால் உடம்புக்கு ஓய்வு" என்று 2022-இல் பேசியவர்கள் அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

2023 பிப்ரவரி 26 அன்று டோக்கியோ டோம். பேஸ்பால் மைதானத்தின் நடுவே ஐஸ் போட்டு 35,000 பேர் முன்னால் ஒரே ஒரு ஸ்கேட்டர். அங்கே தனி ஷோ நடத்திய முதல் ஸ்கேட்டர் அவர்தான். முதல் பாதியின் கடைசியில், போட்டிகளில் இருக்கிற அதே ஆறு நிமிட வார்ம்-அப்பை ஷோவுக்குள்ளேயே வைத்தார். பிறகு பெய்ஜிங்கில் ஆடிய அதே ஷார்ட் புரோகிராம், அதே குவாட் சால்கோவோடு. இந்த முறை இறங்கினார். புள்ளி கொடுக்க யாரும் இல்லை, தேவையும் இல்லை. போட்டியை விட்டு வந்தவர் போட்டியை மேடைக்குக் கூட்டிவந்துவிட்டார் என்று அன்றைக்குத் தோன்றியது.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தின்போது ஹான்யூ சென்டாய் ரிங்கில் பயிற்சியில் இருந்தார். வயது 16. ஸ்கேட்டைக்கூடக் கழற்றாமல் வெளியே ஓடினார். சில நாட்கள் குடும்பத்தோடு நிவாரண முகாமில் இருந்தார். ரிங்க் மூடிக்கிடந்த அந்த மாதங்களில் ஊர் ஊராகச் சுமார் 60 ஐஸ் ஷோக்களில் ஆடியபடிதான் பயிற்சி செய்தார். ஒலிம்பிக் சாம்பியனை உருவாக்கியதில் ஷோ மேடைக்கும் பங்கு உண்டு என்பதே இதற்கு அர்த்தம். 2023-இலிருந்து ஒவ்வொரு மார்ச்சிலும் சென்டாய் இருக்கும் மியாகி மாகாணத்தின் ரிஃபு நகர அரங்கில் அவர் நடத்தும் நினைவு ஷோவுக்கான இடத்தைப் பாருங்கள்: பேரழிவு நாட்களில் சடலங்களை வைத்திருந்த அரங்கம் அது. போட்டி அட்டவணைக்குள் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியாது. மார்ச் என்றாலே உலக சாம்பியன்ஷிப். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் மேடையின் பக்கம் சாய்வேன்.

இனி செலவுப் பக்கம்.

போட்டியில் ரசிகன் எவ்வளவு கத்தினாலும் மதிப்பெண் தாளில் ஒரு தசம புள்ளி ஏறாது. நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நடுவர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். அதில் அநியாயங்கள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நன்மையும் இருந்தது: அவர் நம்மை நம்பி இருக்கவில்லை. மேடையில் எல்லாமே ரசிகர்தான். டிக்கெட், தியேட்டர் நேரலை, இணையச் சந்தா, எல்லாம் நம் பையிலிருந்து. அவருக்கு எதிராளி கிடையாது. 2014 சைதாமா உலகப் போட்டியில் தங்கத்துக்காகத் தட்சுகி மச்சிடா மூச்சுவிட விடாமல் மல்லுக்கட்டியதைப் போல, 2017 ஹெல்சின்கி உலகப் போட்டியில் ஐந்தாவது இடத்தில் இருந்த ஹான்யூவை எதிராளிகள் ஃப்ரீ ஸ்கேட்டில் 223.20 வாங்கி மேலே வரத் தள்ளியதைப் போல, தள்ள இனி யாரும் இல்லை. ஒரு ஷோ சுமாராக இருந்தால் அதைச் சொல்லவும் ஆளில்லை. நாமோ சொல்லவே மாட்டோம். ஆடியதெல்லாம் அற்புதம் என்று கைதட்டிவிட்டு வருகிற கூட்டத்தின் முன்னால் ஒருவர் தன்னைத்தானே கறாராக அளந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இதுவரை அளந்துகொண்டிருக்கிறார், அது அவர் குணம். எல்லோராலும் முடியாது.

நம் கூட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2023 ஆகஸ்டில் திருமணத்தை அறிவித்தார். நவம்பரில் பிரிந்துவிட்டதாக அறிவித்தார். மனைவியையும் உறவினரையும் தெரிந்தவர்களையும் அந்நியர்கள் பின்தொடர்வது, அவதூறு, கேட்காமல் வந்து குவியும் ஊடகங்கள் என்று காரணத்தை அவரே எழுதியிருந்தார். போட்டியாளராக இருந்தபோதும் அவருக்குத் தனி வாழ்க்கை பெரிதாக இருந்ததில்லை. ஆனால் அப்போது சீசன், பயிற்சி, டொராண்டோ என்று ஒரு வேலி இருந்தது. தன் கூட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவருக்கு அந்த வேலியை யார் போட்டுக்கொடுப்பது? மேடை வழியைப் பரிந்துரைக்கும்போது இந்த விலையையும் சொல்லித்தான் பரிந்துரைக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் நான்கு வழிகளில் அவருக்கு ஏற்றது மேடைதான் என்பதில் எனக்கு மாற்றமில்லை. அவருக்கு வேண்டியிருந்தது தாவல்களைக் கடைசிவரை துரத்தும் உரிமையும், மார்ச் மாதத்தில் தன் ஊரில் நிற்கும் உரிமையும். முதலாவது போட்டியிலும் கிடைத்திருக்கும், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏழெட்டுப் புள்ளி அபராதத்தோடு. இரண்டாவது போட்டியில் கிடைக்கவே கிடைக்காது.

ஆனால் இதையே அடுத்தவருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. ஷோமா உனோ 2022, 2023 இரண்டு வருடமும் உலகப் பட்டம் வாங்கி, 2024 மேயில் 26 வயதில் விலகி ஷோக்களுக்குப் போனார். அவரிடம் டோக்கியோ டோம் எப்போது என்று கேட்பது அநியாயம். உனோ எப்போதும் கூட ஆடுகிறவர்களோடு சிரித்துக்கொண்டு ஆடப் பிடித்தவர். அவருக்குப் பல பேர் சேர்ந்து ஆடும் ஷோதான் பொருத்தம், தனி ஷோ தண்டனையாகிவிடும். நேதன் சென்னைத் திரும்பக் கூப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பியோங்சாங் ஷார்ட் புரோகிராமில் 17-வது இடத்துக்கு விழுந்து, நான்கு வருடம் அதைச் சுமந்து, பெய்ஜிங்கில் 332.60 வாங்கித் தீர்த்துக்கொண்டவர் அவர். அவர் கணக்கு முடிந்துவிட்டது, விட்டுவிடலாம். மலினினுக்கோ வழி வேறு: குவாட் ஆக்ஸலை வைத்துப் புள்ளி சம்பாதிக்கத் தெரிந்த ஒரே ஆள், விதிப்புத்தகம் அவர் பக்கம் இருக்கும்வரை போட்டியில் நிற்பதுதான் லாபம்.

ஹான்யூ திரும்பிப் போட்டிக்கு வருவாரா என்று இன்றும் கேட்கிறார்கள். வர மாட்டார் என்றே நினைக்கிறேன். வர வேண்டாம் என்றும் நினைக்கிறேன். அடுத்த ஷோவுக்கு டிக்கெட் குலுக்கலில் பேர் விழுந்தால் போய்ப் பாருங்கள். விழாதவர்களுக்குத் தியேட்டர் நேரலை இருக்கிறது.